இடது பின்கதவின் செம்புப் பட்டை

வண்டியை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் அதன் கையேட்டைப் படிக்க ஆரம்பித்தேன். சாதாரணமாக நான் எதையும் இந்த வரிசையில் செய்கிறவள் இல்லை. ஒரு மிக்சி வாங்குவதென்றாலும் படித்து, ஒப்பிட்டு, கடைசியில்தான் கடைக்குப் போவேன். இந்த முறை அதற்கு நேரம் இல்லை.

அம்மாவுக்கு அடிவயிற்றில் கட்டி. புதுச்சேரியில் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாரத்தில் ஐந்து நாள். மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிடம்தான். விருத்தாசலத்திலிருந்து போய்த் திரும்புவதற்குள் பாதிப் பகல் தீர்ந்துவிடும். டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார். நடுவில் ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் அதுவரை வைத்ததற்கும் பலன் குறைந்துவிடும்.

அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை.

"ராத்திரி என் வூட்டுல படுத்தாதான் நான் மனுஷி. அங்க படுத்தா சீக்காளியாயிடுவேன்."

அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதனால் யார் கூட்டிப்போவது என்ற பேச்சே எழவில்லை.

முதலில் பஸ்ஸில் போனோம். மூன்றாம் நாள் குள்ளஞ்சாவடி தாண்டியதும் அம்மா வாந்தி எடுத்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். கண்டக்டர் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவ ஜன்னல் ஓரமா உக்காருங்கம்மா" என்றார். அம்மா ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியைத்தான் திறக்க முடியவில்லை. அடுத்த நாள் வாடகைக் கார் பிடித்தோம். அதற்கடுத்த நாள் அந்த டிரைவர் ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணழைக்கப் போய்விட்டார். வேறு ஆள் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மெஷின் அறையில் இருந்தவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். திறந்தார். அன்று திரும்பி வரும் வழியில்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். லைசென்ஸ் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் சின்ன வேனை ஓட்டிய பழக்கமும் உண்டு. அம்மா படுத்துக்கொள்கிற அளவுக்குப் பின்சீட் இருக்க வேண்டும், பள்ளங்களைத் தாங்க வேண்டும். வேறு நிபந்தனை வைத்துக்கொள்ளவில்லை.

மங்கலம்பேட்டையில் ஒரு பாய், வளைகுடாவில் வேலை, லீவு முடிந்து கிளம்பப் போகிறார், வண்டியைக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார் என்று எங்கள் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர் சொன்னார். சனிக்கிழமை போனேன். நல்ல உயரமான வண்டி. முழுக்கக் கறுப்பு. கதவுகளின் கீழ்ப்பாதியில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் செம்பு நிறத்தில் ஒரு பட்டை. சீட்டுத் தையலும் அதே செம்பு நிறம்.

"ஸ்பெஷல் எடிஷன்மா. எல்லாருக்கும் கெடைக்காது. இங்க பாருங்க, இது எத்தனாவது வண்டின்னு தகட்டுல நம்பரே போட்டிருக்குது."

"சாதா வண்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் பாய்?"

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கறுப்பு. அப்புறம் இந்தப் பட்டை. பாட்டு நல்லா கேக்கும்." அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வருசத்துல ஒரு மாசம் அவரு ஓட்டறாரு. மிச்ச மாசமெல்லாம் நான் தொடைக்கிறேன். என்ன ஸ்பெஷல்னு என்னக் கேளுங்கம்மா. தூசி நல்லா தெரியும்."

அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவியை என் கையில் வைத்தார். "நான் கெளம்பறது அடுத்த ஞாயித்துக்கெழமை ராத்திரி. அதுவரைக்கும் ஓட்டிப் பாருங்க. ஒத்துவரலன்னா கொண்டாந்து இதே எடத்துல நிறுத்திடுங்க. போன மாதிரியே வரணும், அவ்ளோதான்."

அன்று இரவு கையேட்டைப் பிரித்தேன். அது சாதாரண வண்டிக்கானது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் 'சில வகைகளில் மட்டும்'. ஸ்பெஷல் எடிஷனுக்குத் தனியாக ஒரு மெல்லிய புத்தகம் உண்டாம். அதைப் பாயின் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நான் மூன்று பட்டியல் போட்டேன். புத்தகத்திலும் வண்டியிலும் இருப்பவை. புத்தகத்தில் இருந்து வண்டியில் இல்லாதவை. வண்டியில் இருந்து புத்தகத்தில் இல்லாதவை. மூன்றாவதுதான் நீண்டுகொண்டே போனது. கதவைத் திறந்தால் தரையில் வெளிச்சத்தில் விழும் ஒரு மலைப்படம். கண்ணாடிகள் தாமாக மடிவது. கியருக்குப் பக்கத்தில் விசிறி போட்ட ஒரு பொத்தான். அழுத்தினால் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பியதும் இந்தியில் வணக்கம் சொல்லும் ஒரு பெண்குரல்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். பின்சீட்டில் இடதுபக்கக் கதவோரம் தலையணை வைத்து அம்மாவைப் படுக்க வைத்தேன். குரல் வணக்கம் சொன்னது.

"யாருடி அவ, உள்ள?"

"வண்டிதாம்மா. வரவேற்குது."

"விடியங்காட்டியும் என்னத்த வரவேற்கறா? வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லு."

எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை தெரிந்துகொள்ளவும் இல்லை.

நெய்வேலி வரும்போது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டொக். இடதுபக்கம், பின்னால். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. ஒரு பள்ளம் வந்ததும் மறுபடி டொக். பெரிய சத்தமில்லை, மரப்பலகையை விரல் முட்டியால் தட்டுவது போல. ஆனால் அதற்குப் பிறகு என் காதுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. வடலூருக்கும் கடலூருக்கும் நடுவில், முந்திரித் தோப்புகளுக்குப் பக்கத்தில், வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பது போலவும், மெஷின் அறைக்காரர் கதவைப் பூட்டுவது போலவும் மாறி மாறிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்தோம். செவ்வாயும் டொக். புதனும் டொக்.

புதன் சாயங்காலம் பாலக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உளுந்தூர்ப்பேட்டை சாலையில் பள்ளமாகத் தேடித் தேடி விட்டார். சத்தம் வரவில்லை. நான் ஓட்டினேன். வரவில்லை. "அம்மா பின்னாடி இருந்தா வருதுங்க" என்றேன். எடைக்காக இருக்கும் என்று சொல்லி, இரண்டு அரிசி மூட்டையைப் பின்சீட்டில் தூக்கி வைத்து ஓட்டினார். அப்போதும் வரவில்லை.

"மூட்டைக்கு வராத சத்தம் அம்மாவுக்கு வருதுன்னா, அம்மாவைத்தாங்க சர்வீசுக்கு வுடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவை எங்கே கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "சர்வீசுக்குத்தாங்க தெனமும் போறோம்" என்றேன்.

எனக்கு வேலை செராமிக் தொழிற்பேட்டையில். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. நாங்கள் செய்வது காபிக் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் ஒரு மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. நல்ல கோப்பை மணி மாதிரி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட ஒலி அமுங்கிவிடும். அதை உடைத்துப் போடுவோம். கீறல் இல்லாமல் மேல்பூச்சில் மட்டும் ஊசித்துளையோ கரும்புள்ளியோ இருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. அந்த இடத்தில் சரியாக ஒரு ரோஜாவையோ இலையையோ ஒட்டி, மறுபடி சூடேற்றினால் படம் பூச்சோடு சேர்ந்துவிடும். இதை நாங்கள் பூ வைப்பது என்போம். பூப் போட்ட கோப்பைக்கு வெறும் கோப்பையைவிட விலையும் கூட. கடையில் அழகான கோப்பையைப் பார்த்தால், பூவுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யோசிக்காமல் எங்களில் யாராலும் இருக்க முடியாது.

அந்த வாரங்களில் மதியத்துக்கு மேல் வந்து இருட்டும்வரை வேலை பார்க்க முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். சனிக்கிழமை மட்டும் காலையிலிருந்தே இருந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு, கையில் குச்சியோடு போய் வண்டியைத் தட்டிப் பார்த்தேன். முன்பக்க மூடி ஒலித்தது. கூரை ஒலித்தது. இடது பின்கதவு, சத்தம் வருகிற அதே இடம், தொப் என்றது. முதலாளியின் வண்டியும் அதே கம்பெனி, அதே மாடல், சாதா வகை. அதன் இடது பின்கதவைத் தட்டினேன். டங் என்றது.

என் வண்டியின் வலது கதவைத் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்று அது தோன்றவில்லை.

பூ ஒட்டும் பிரிவிலிருந்து ஒரு அக்கா வெளியே வந்தார். பதினைந்து வருடமாகப் பூ வைக்கிறவர்.

"என்ன பாப்பா, காரையும் தட்டிப் பாத்துக் கழிச்சுப் போடப்போறியா?"

கேட்ட சத்தத்தைச் சொன்னேன். அவர் குனிந்து செம்புப் பட்டையை விரலால் தடவினார். "கரெக்டா இந்த எடத்துல ஆரம்பிச்சு இந்த எடத்துல முடிஞ்சிருக்குது பாரு. நானா இருந்தாலும் இங்கதான் ஒட்டுவேன்." பின்னால் வந்த இன்னொருத்தி, "அடிபட்டு ஒடுங்குன கதவா இருக்கும்க்கா, பட்டி மாவு வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சுட்டாங்க" என்றாள். "ஸ்பெஷலாம் ஸ்பெஷல்! நம்ம கப்பு மேல என்னா எழுதறோம்? ஸ்பெஷல் கிஃப்ட் ஐட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கணக்குப் போட்டேன். அடிபட்ட வண்டி என்றால் கதவோடு போயிருக்காது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டுகள், அச்சு எல்லாம் அடி வாங்கியிருக்கும். அதுதான் டொக். இன்னும் மூன்று வாரம் மிச்சமிருக்கிறது. பாய் ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். திருப்பிக் கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி பஸ். கொடுக்காவிட்டால் என்றைக்காவது ஒருநாள் சாலையோரத்தில். இரண்டில் எது அம்மாவின் ஒரு நாளைத் தின்னும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை முடி உலர்த்தும் மெஷினை வாசலுக்கு இழுத்து வந்து, பட்டையின் ஓரத்தைச் சூடாக்கினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கறத ஏண்டி உரிக்கிற?"

"நல்லாருக்குதான்னு பாக்கத்தாம்மா."

ஓரம் தூக்கியது. மெதுவாகத்தான் இழுத்தேன். பாதி வந்தது, பாதி கிழிந்தது, பசை அப்படியே தங்கியது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கீழே இருந்தது கறுப்பு. வெயில் படாத, கீறல் இல்லாத, சுற்றியிருந்ததைவிட ஆழமான கறுப்பு. பட்டியும் இல்லை, ஒடுக்கும் இல்லை. கம்பெனியில் எப்படிப் பூசினார்களோ அப்படியே இருந்தது.

அப்போதுதான் எழுந்து போய் வலது பின்கதவைத் தட்டினேன். தொப். முன்கதவுகள். தொப், தொப்.

படியில் உட்கார்ந்து பாய்க்கு ஃபோன் செய்து, நாலு கதவும் ஏன் தொப் என்கிறது என்று கேட்டேன். பின்னால் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது.

"பாட்டு நல்லா கேக்கணும்னு கதவுக்குள்ள எல்லாம் மெத்த மாதிரி ஒட்டியிருக்கானுங்கம்மா. அதான் தட்டுனா தொப்புங்குது. நான்தான் சொன்னேனே, பாட்டு நல்லா கேக்கும்னு."

"பாய், வண்டிய நானே வெச்சிக்கறேன்."

"சந்தோஷம்மா."

"பட்டைய உரிச்சிட்டேன். இடது பின்னாடி கதவுல."

எதிர்முனையில் பெட்டி கட்டும் சத்தமும் நின்றது.

"ஏம்மா, சாதா வண்டி அன்னிக்கே ரெடியா இருந்துச்சு. அந்தப் பட்டைக்காகத்தான் நான் மாசக்கணக்கா காத்திருந்து எடுத்தேன்."

"அடியில பட்டி வெச்சிருப்பீங்களோன்னு நெனச்சிட்டேன் பாய்."

"பட்டி வெச்சு வித்துட்டு நான் எந்த ஊருக்கு ஓடறது? என் பொண்டாட்டி இதே தெருவுலதான் இருக்கப்போறா." குரலில் கோபம் இருந்தது. நான் செய்ததற்கு அது போதாது என்றுதான் எனக்குப் பட்டது. பின்னால் அவர் மனைவி, "விடுங்க, அந்த ஒரு கதவாச்சும் தொடைக்க சுலுவா இருக்கும்" என்றார். பாய் ஒரு மூச்சு விட்டார். "அம்மாவுக்கு ஒடம்பு எப்படியிருக்குது? ஒரு நாளும் வுடலயே?"

"வுடல பாய்."

"வுடாதீங்க."

டொக் மட்டும் மிச்சம். அதற்குக் காரணமும் தெரியாமல், திருப்பிக் கொடுக்கும் வழியையும் நானே அடைத்துவிட்டிருந்தேன். மதியம் வண்டியைத் துடைக்கப் பின்சீட்டில் ஏறியவள், அம்மாவின் தலையணையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். எழுந்து கதவைச் சாத்தக்கூடத் தெம்பில்லை. கண் செருகும்போது அம்மா, திறந்து கிடந்த கால்பக்கத்துக் கதவு வழியாக, "வெயில்ல இதுக்குள்ள ஏண்டி படுத்துக் கெடக்குற" என்று ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒருமுறை ஆடியது.

டொக்.

என் நெற்றிக்கு நேர் மேலே. தலையணை, மாட்டாத சீட் பெல்ட்டைத் தனக்குக் கீழே இழுத்து வைத்திருந்தது. தளர்ந்து தொங்கிய அதன் இரும்பு நாக்கு ஆடிப்போய்க் கதவோரத் தூணில் இடித்தது. மெக்கானிக்கிடம் போன அன்று தலையணை வீட்டில் இருந்தது. முதலாளியின் வண்டியில் அந்தத் தூணுக்குத் துணி உறை உண்டு. இதில் பளபளவென்று கெட்டிப் பிளாஸ்டிக். ஸ்பெஷல் எடிஷன். பெல்ட்டை விரலால் தள்ளினேன். டொக். மறுபடி தள்ளினேன்.

"இதுவா? நான் படுத்தா இது ஆடும்" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணுக்கு நேரா தொங்குது, தெரியாதா?"

"ஏம்மா சொல்லல?"

"எங்கிட்ட எங்க கேட்ட? மெக்கானிக்கு, கம்பெனிக்காரிங்க, பாயி, எல்லாரையும் கேட்ட."

எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதற்கும் நேரம் பிடிக்கும் என்று விட்டுவிட்டேன். எழுந்து போய்த் துணி ஊறவைத்தேன்.

இரும்பு நாக்கில் ஒரு துணியைச் சுற்றியிருந்தால் முடிந்திருக்கும். சுற்றவில்லை. ஓட்டிக்கொண்டே நான் திரும்பிப் பார்க்க முடியாது. சத்தம் வந்தால் அம்மா படுத்திருக்கிறாள்; வராவிட்டால் எழுந்திருக்கிறாள். எழுந்தால் கழிவறை தேட வேண்டும். வழியில் எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் சுத்தமான கழிவறை, எதில் தண்ணீர் வரும், எதில் கேட்டால் சாவி கொடுப்பார்கள் என்று ஒரு பட்டியல் மனப்பாடமாகவே இருந்தது. மூன்றாம் வாரம் அம்மா அடிக்கடி எழுந்தாள். நான்காம் வாரம் தோல் புண்ணாகி உட்காரவே முடியவில்லை. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை டொக், திரும்பும்போதும் டொக். பேச்சு நின்றுவிட்டது. அந்த இந்திக்காரியைத் திட்டுவதும் நின்றுவிட்டது. ஒருநாள் மழை, ஒருநாள் லாரி குறுக்கே நின்றது, ஒருநாள் எனக்கே காய்ச்சல். எல்லா நாளும் போய்ச் சேர்ந்தோம்.

கடைசி வெள்ளிக்கிழமை மெஷின் அறைக்காரர், "இனிமே நீங்க வர வேணாம்மா" என்று சிரித்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் கட்டி என்ன ஆயிற்று என்று சொல்ல முடியும் என்றார்கள்.

திரும்பும்போது வடலூர் தாண்டியதும் சத்தம் நின்றது. அடுத்த பள்ளத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த பள்ளத்திலும் வரவில்லை. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பங்க் வருதும்மா, ரெண்டு நிமிஷம்."

"அதுக்கில்ல. நிறுத்து. முன்னாடி வந்து உக்காந்துக்கறேன். எத்தன நாள் உன் பின்மண்டையையே பாத்துட்டு வர்றது?"

ஓரமாக நிறுத்தினேன். ஒரு காலை ஏற்றி, கொஞ்சம் நின்று, இன்னொரு காலை ஏற்றினாள். தலையணையை மடித்து அடியில் போடப் போனேன், வேண்டாம் என்றாள். அவள் உட்கார்ந்ததும் கியருக்குப் பக்கத்தில் இருந்த விசிறிப் பொத்தானில் தானாக ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மெக்கானிக்கோடு போன அன்று தவிர அந்த சீட்டில் யாருமே உட்கார்ந்ததில்லை; அன்று நான் சத்தத்தை மட்டும்தான் தேடினேன். மற்ற நாளெல்லாம் பை, தண்ணீர், ரிப்போர்ட் கவர் இவைதான் இருந்தன. அழுத்தினேன்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "என்னடி இது, சீட்டுக்குள்ளருந்து காத்து வருது? சில்லுனு இருக்குது."

"இதுவும் ஸ்பெஷல் போலருக்கும்மா."

"காலங்காத்தால அந்தப் பொம்பள வாய் ஓயாம பேசறா. இத மட்டும் சொல்லல பாரு."

மந்தாரக்குப்பம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பெல்ட்டை மாட்டியிருந்தாள். பள்ளங்களில் எந்தச் சத்தமும் இல்லை. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.